மூன்று குட்டைத் தூண்கள்

எங்கள் கிளினிக்கில் எடை பார்க்கும் மெஷினுக்கு மேலே, சுவரில், நான் வரைந்த பட்டை வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. ஓர் அக்டோபர் மாதக் காலையில் லாத்தா அதன் முன்னால் வந்து நின்றார். முகத்தில் மாஸ்க். மூன்றரை மாதத்தில் உடம்பு பாதியாகியிருந்தது. ஒரு கையால் மெஷினின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களின் பட்டைகள் மேல் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தார். பட்டை என்று அவர் சொல்ல மாட்டார். அவருக்கு அவை தூண்கள்.

“ஸார், இந்த மூணு தூணும் ஏன் குட்டையா இருக்கு?”

“நோய் கொறைஞ்சிருக்கு லாத்தா” என்றேன். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிர்ச்சியோ கோபமோ அந்தப் பார்வையில் இல்லை. ஒரு நீண்ட களைப்பு மட்டும் இருந்தது. “கொறையலியே ஸார்” என்றார். பிறகு இருமல் வந்து, பேச்சு நின்றுபோனது.

பம்பாயின் தேவ்நாரில் ஆறு சந்துகளுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திவந்த காசநோய் கிளினிக் அது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சளிப் பரிசோதனைக்கு ஒருவர், ரிப்போர்ட் எழுத நான். இத்தனை பேரும் அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். வெளியே போகிறவர் லாத்தா ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். சந்துகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அப்படிக் கூப்பிட்டு, அவர்களைப் பார்த்து மராத்திக்காரர்களும் பீகார்க்காரர்களும்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கி, அதுவே அவர் பெயராகிவிட்டது. என்னைவிட நான்கு மாதம்தான் மூத்தவர். இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். ஆனாலும் நான் அவரை லாத்தா என்றேன், அவர் என்னை ஸார் என்றார்.

அவருடைய வேலை சொல்வதற்குச் சுலபம். காலையில் பத்து மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள், காரணமில்லாமல் மெலிகிறவர்கள், சாயங்காலமானால் காய்ச்சல் காய்கிறவர்கள் யாரென்று விசாரிக்க வேண்டும். அவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்து வர வேண்டும். செய்வதற்கு அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே பாதி வீடுகள் மாடியில். படி கிடையாது. சுவரில் சாய்த்த இரும்பு ஏணிதான். ஏறிப் போனால் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் இருமலே இல்லை என்பார்கள். நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும், பெண்ணாக இருந்தால் கல்யாணம் நின்றுவிடும். லாத்தா வாசலில் உட்கார்ந்து வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாராவது இருமினால் அவருக்குப் போதும்.

நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா குமாஸ்தாவாக பம்பாய்க்கு வந்தவர். நான் புள்ளியியல் படித்துவிட்டு இரண்டு மூன்று ஆபீஸ்கள் மாறி, கடைசியில் இந்த வேலையில் வந்து ஒதுங்கினேன். மாதக் கடைசியில் கமிட்டிக்கு ரிப்போர்ட் போக வேண்டும். கமிட்டியில் இருப்பவர்களுக்கு அட்டவணை படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் பட்டை வரைபடம். பத்து வருஷம் ஒரே மாதிரிப் படத்தை வரைந்ததில், அதைப் பார்ப்பதையே நான் எப்போதோ நிறுத்தியிருந்தேன். எண்களைப் போட்டால் கம்ப்யூட்டர் வரைந்துவிடும். நான் பிரிண்ட் எடுத்து ஒட்டுவேன்.

லாத்தா மட்டும்தான் அதைப் பார்த்தார். நோய்வாய்ப்படுவதற்கு முந்தைய கோடையில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதை எப்படிப் படிப்பது என்று என்னிடம் கேட்டார். எழுந்துபோய் விளக்கினேன். கீழே படுத்திருக்கிற கோடு கிடை அச்சு, அதில் மாதங்கள். இடது பக்கம் நிற்கிற கோடு செங்குத்து அச்சு, அதில் எண்ணிக்கை. தூணின் தலையிலிருந்து இடது பக்கம் நேராகக் கண்ணை ஓட்டினால் எந்த எண்ணில் போய் முட்டுகிறதோ, அதுதான் அந்த மாதத்துக் கணக்கு. அவர் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தானே விரலை ஓட்டிப் பார்த்தார். சரியாகவே படித்தார்.

“எண்ணிக்கை சரி ஸார். என்னத்த எண்ணுனது?”

நிற்கிற கோட்டின் ஓரமாக இங்கிலீஷில் நீளவாக்கில் எழுதியிருந்ததைக் காட்டினேன். “நோயாளிகள்னு எழுதியிருக்கு.”

“எந்த நோயாளிக? இந்தச் சந்துல இருக்கப்பட்டவியளா, இங்க வந்தவியளா?”

“ரெண்டும் ஒண்ணுதானே லாத்தா” என்றேன். எனக்கு அன்று வேலை இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு ஏணி ஏறப் போய்விட்டார்.

ஜூன் கடைசியில் மழை பிடித்ததும் லாத்தா வரவில்லை. காய்ச்சல் என்று மகள் போன் செய்தாள். இரண்டு வாரம் கழித்து டைஃபாய்டாக இருக்கலாம் என்று செய்தி வந்தது. தெருமுனை நாக்காவில் இருந்த பிரைவேட் டாக்டர் ஊசி போட்டார், இருமல் மருந்து கொடுத்தார். பிறகு போனும் வரவில்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் போடுவதாகச் சொன்னார்கள், போடவில்லை. அவர் வீடு கிளினிக்கிலிருந்து பத்து நிமிட நடை. மழை குறையட்டும் போய்ப் பார்க்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். மழை குறைந்த நாட்களும் இருந்தன. நான் போகவில்லை. இதற்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

செப்டம்பர் ரிப்போர்ட்டைத் தயார் செய்யும்போது எண்கள் இறங்கியிருந்தன. வழக்கமாக முப்பத்தெட்டு, நாற்பது என்று நிற்கிற இடத்தில் இருபத்தேழு, இருபத்தாறு. எங்கள் டைரக்டர் மேடம் என் மேஜைக்கே வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. பல வருஷமாக நல்ல செய்தி எதுவும் கமிட்டிக்குக் கொண்டுபோக முடியாமல் சோர்ந்திருந்தவர். “எறங்கினது கண்ணுக்குத் தெரியலையே, கொஞ்சம் தெரியற மாதிரி பண்ணுங்களேன்” என்றார். நான் செங்குத்து அச்சைப் பூஜ்யத்துக்குப் பதிலாக இருபதில் தொடங்கவைத்தேன். ஒரு பொத்தான் அமுக்குகிற வேலை. உடனே முப்பத்தெட்டின் தூண் பதினெட்டு படி உயரமும், இருபத்தேழின் தூண் ஏழே படி உயரமுமாக மாறின. மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாத ஒன்று, பார்வைக்குப் பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. பொய் ஒரு வரியும் எழுதவில்லை. அச்சின் ஓரத்தில் இருபது என்று தெளிவாகவே போட்டிருந்தது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம். யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கமிட்டியில் கை தட்டினார்கள். அந்தச் சந்துகளில் நோய் அடங்கிவிட்டது, டிசம்பரோடு கிளினிக்கை மூடிவிட்டு ஆட்களை வேறு பேட்டைக்கு அனுப்பலாம் என்று பேசி முடித்தார்கள். எல்லோருக்கும் பிரதி அனுப்பினோம். ஒரு பிரதியை எடை மெஷினுக்கு மேலே ஒட்டினேன். லாத்தா விரலை வைத்தது அதில்தான்.

அவர் அந்தக் காலைக்குப் பத்து நாள் முன்புதான் நோயாளியாக எங்களிடம் வந்திருந்தார். அன்று நான் லீவு. இரத்தம் வந்ததைப் பார்த்துப் பயந்துபோய் மகள் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். சளியில் கிருமி இருந்தது. மாத்திரை தொடங்கியிருந்தார்கள். ஆயிரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இருமலைக் காதால் பிடித்தவர், தன் இருமலை மூன்று மாதம் டைஃபாய்டு என்று நம்பியிருக்கிறார். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. அந்த ஆளே அவர்தானே.

இருமல் நின்றதும் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். ஜன்னல் பக்கம், காற்று வருகிற இடத்தில். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கம்மலாக வந்தது.

“ஸார், இந்த மூணு மாசமும் நான் படுத்துல்லா கெடந்தேன். சந்துக்குள்ள யாரு போனா?”

“யாரும் போகலை.”

“பெறவு எப்படி எண்ணுனிய?”

வந்தவர்களை எண்ணினோம். தானாக நடந்து வந்தவர்களை மட்டும். வராதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிட்டார்கள். கோடையில் அவர் கேட்ட கேள்வி அதுதான் என்பது எனக்கு அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. படத்தில் அந்தத் தூண்கள் அளந்தது நோயை அல்ல. லாத்தாவின் கால்களை.

“நாலாம் சந்துல ஜரிகை வேலை செய்யுத வீடு இருக்குல்லா, அந்த வீட்டு மருமவ. ஜூன்லேயே இருமிக்கிட்டு இருந்தா. மாமியா விட மாட்டேன்னா. திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஞாயித்துக்கெழம எனக்குக் காச்சல்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “செப்டம்பர்ல மௌத்தாயிட்டா, அடக்கமும் ஆயிட்டு. ரெண்டு பிள்ளைய. அவ இதுல எந்தத் தூணுல இருக்கா ஸார்?”

“இதுல இல்லை லாத்தா.”

“நானு?”

“நீங்க அக்டோபர்ல வருவீங்க. அது இன்னும் வரையலை.”

நர்ஸ் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். லாத்தா என் முன்னாலேயே விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

அன்று மத்தியானமே புதிதாக ஒன்று வரைந்தேன். செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து. அதன் ஓரத்தில் ‘நோயாளிகள்’ என்பதை அழித்துவிட்டு, ‘கிளினிக்குக்கு வந்து நோய் உறுதியானவர்கள்’ என்று எழுதினேன். அதே மாதங்களை வைத்து, கீழே இன்னொரு படம். அதன் அச்சில் ‘லாத்தா போய் விசாரித்த வீடுகள்’. அவருடைய பழைய நோட்டுகளிலிருந்து எடுத்த கணக்கு. ஜூன் வரை உயரமான தூண்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்குத் தூணே இல்லை. கோட்டின் மேல் மூன்று காலி இடம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் குழந்தைக்கும் புரியும். எனக்குப் புரிய மூன்று மாதமும் ஒரு சாவும் ஆகியிருந்தது.

டைரக்டர் மேடம் அதைப் பார்த்துவிட்டு, “முதல்ல கொடுத்ததும் நீங்க போட்ட கிராஃப்தானே?” என்றார்.

“ஆமா மேடம்.”

“இப்ப இதைக் கொண்டுபோனா ரெண்டு பேரும் என்ன சொல்லப் போறோம்?”

“நான்தான் தப்பா போட்டேன்னு சொல்லிடறேன். இருபதுலேர்ந்து ஆரம்பிச்சது நான்.”

“நான் சொல்லித்தானே ஆரம்பிச்சீங்க” என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “சரி, அடுத்த மீட்டிங்குக்கு அந்தம்மாவையும் கூட்டிண்டு வாங்க.”

கமிட்டி செம்பூரில் ஒரு மாடி அறையில் கூடும். நவம்பர் பாதியில் லாத்தாவுக்குத் தொற்று நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆட்டோவில் அழைத்துப் போனேன். இரண்டு மாடி ஏற அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு முப்பது ஏணி ஏறியவர் இவர் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது.

இரண்டு படங்களையும் போட்டுக் காட்டினேன். அச்சை எங்கே வெட்டினேன் என்பதையும் சொன்னேன். நோய் குறைந்தது என்பதும் உண்மையாக இருக்கலாமே, வந்தவர்கள் குறைந்திருக்கிறார்களே என்று ஒருவர் இழுத்தார். அப்போது லாத்தா எழுந்து நின்றார். தமிழும் மராத்தியும் கலந்த தன் பம்பாய் ஹிந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: “நான் போனா நோய் கூடுது. நான் போகாட்டா நோய் கொறையுது. அப்படின்னா நோயைக் கொண்டுபோறதே நான்தானா?”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கமிட்டியில் அணுசக்தி நகரிலிருந்து வருகிற ரிடயர்டு எஞ்சினியர் ஒருவர் இருந்தார். பாலக்காட்டுக்காரர், அதிகம் பேசாதவர். அவர் முதல் படத்தைக் கையில் எடுத்து, ஓரத்தில் இருந்த இருபதை நகத்தால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: “மீட்டரைக் கழட்டி வெச்சுட்டு, கரண்டே செலவாகலைன்னு சொன்ன மாதிரின்னா இருக்கு. நானும் பாக்கலையே இதை. கை வேற தட்டினேன்.”

கிளினிக்கை மூடும் தீர்மானம் தள்ளிப்போனது. ரத்தாகவில்லை. இன்னும் ஒரு வருஷம், வாரத்தில் மூன்று நாள் என்று குறைத்து நடத்திப் பார்ப்பது. லாத்தாவுக்கு உதவியாக இன்னொரு ஆள் கேட்டோம். அதற்கு வழியில்லை என்றார்கள். ஏணி ஏற முடியாத லாத்தாவும் ஏணியே ஏறிப் பழகாத நானும்தான் மிச்சம்.

டிசம்பரிலிருந்து வாரம் இரண்டு காலை நேரம் அவரோடு நான் சந்துகளுக்குள் போனேன். அவர் கீழே ஒரு வாசலில் உட்கார்ந்து எந்த வீடு, யார் யார், என்ன பேச வேண்டும் என்று சொல்லுவார். நான் ஏறுவேன். முதல் மாதம் கதவைத் திறந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் சாத்தினார்கள். கீழேயிருந்து லாத்தா குரல் கொடுப்பார்: “நம்ம ஸார்தான் பிள்ளே, திற.” அந்தக் குரலில் முன்பிருந்த பலம் இல்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். ஆனாலும் கதவு திறக்கும்.

ஜரிகை வீட்டுக்கு மட்டும் அவரே ஏறுவேன் என்றார். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. ஏணியில் நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். மேலே மாமியார் சட்டத்தில் துணி மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குழந்தைகளும் மூலையில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாத்தா வழக்கம்போல் வேறு பேச்சு எதுவும் பேசவில்லை. “என்னால வர முடியாமப் போச்சு” என்றார். மாமியார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். “நீ சொன்னப்பவே நான் விட்டிருக்கணும்” என்று அழுதார். மறுநாள் அந்த வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தோம். பெரிய குழந்தைக்கு இருந்தது. வேளையோடு பிடித்தோம். அது பிழைத்துக்கொண்டது.

ஜனவரி, பிப்ரவரித் தூண்கள் முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போயின. தாளின் மேல் விளிம்பைத் தொட்டன. கமிட்டியிலிருந்து போன் வந்தது: ஏன் இப்படி ஏறிவிட்டது, என்ன செய்கிறீர்கள் அங்கே? டைரக்டர் மேடமே பதில் சொன்னார், “இப்பதான் எண்ண ஆரம்பிச்சிருக்கோம்” என்று. நான் அந்தப் படத்தை லாத்தாவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் பார்த்துவிட்டு, “இத்தன பேரும் அப்பமும், அந்த மூணு மாசத்துலயும் இருந்தாவல்லா ஸார்” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரலில் அவருக்குச் சிகிச்சை முடிந்தது. நுரையீரலில் ஒரு பக்கம் தழும்பாகிவிட்டது, இனி இவ்வளவுதான் மூச்சு என்றார் டாக்டர். அட்டையில் ‘குணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாத்தா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கும் சந்துக்கு வந்தார்.

தந்த ஒரு வருஷம் முடிந்ததும் கிளினிக்கை மூடினார்கள். இந்தத் தடவை வரைபடத்தின் மேல் பழி போட முடியாது. பணம் கொடுத்தவர்கள் வேறு காரியங்களுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். நான் இப்போது செம்பூரில் வேறொரு ஆபீஸில் இருக்கிறேன். அங்கே வரைபடங்கள் போனிலேயே தானாக வந்து விழுகின்றன. அச்சு எங்கே தொடங்குகிறது, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டால், கூட வேலை செய்கிறவர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் கேட்கிறேன். லாத்தா தாராவியில் மகள் வீட்டில் இருக்கிறார். மூச்சு இருக்கிற நாளில் போனில் பேசுவார்.

மூடுவதற்கு முந்தைய நான்கு நாட்கள் ரிப்போர்ட் எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நான்கு நாளும் லாத்தாவும் நானும் ஆறு சந்துகளிலும் ஒரு வீடு விடாமல் போனோம். எந்த பஸ்ஸில் ஏறி எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் இறங்க வேண்டும், எந்த வாசல், எத்தனை மணிக்குச் சீட்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். எத்தனை வீடுகள் என்று நான் எண்ணவில்லை. கடைசி வீடு ஆறாம் சந்தின் முனையில், மாடியில். அங்கே புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் ஏணித் தலையில் உட்கார்ந்து நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப இனிமே எங்க வீட்டுக்கு யாரு வருவா லாத்தா?” என்று கேட்டாள்.

கீழே நின்ற லாத்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு சரியாகும்வரை காத்திருந்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, “யாரும் வர மாட்டாவ பிள்ளே” என்றார். “நீதான் போணும்.”